கதையை வைத்துக்கொண்டு அட்டையைக் கிழித்தவர்கள்

பழைய பைண்டு வால்யூம் ஒன்று கிடைத்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஐம்பதுகளில் யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து அடுக்கி, தைத்து, காலிகோ போட்டு, முதுகில் தங்க எழுத்தில் கதையின் பெயரையும் அடித்து வைத்திருப்பார். ஒரு அத்தியாயம் தவறியிருக்காது. ஆனால் அந்த நூற்றுச் சொச்சம் வாரங்களின் அட்டைப்படம் ஒன்றுகூட உள்ளே இருக்காது.

அதற்குக் காரணமும் உண்டு. அட்டையையும் சேர்த்துத் தைத்தால் புத்தகம் உப்பிவிடும், அதனால் பைண்டரே அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். அவர் விட்டாலும் வீட்டில் விடமாட்டார்கள், கொஞ்சம் கனமான, வழவழப்பான காகிதம் என்றால் பிள்ளைகளின் நோட்டுக்கு உறை போடலாம், சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கலாம், சாமி படமாக இருந்தால் சுவரில் ஒட்டலாம். எண்பது பக்கத்தில் ரொம்ப நாள் தாங்கக்கூடிய காகிதம் அட்டை ஒன்றுதான், முதலில் போனதும் அதுதான். பழைய தமிழ்ப் பத்திரிகை சேகரிப்பில் இறங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கதை கிடைக்கும், பின்னால் புத்தகமாகவும் வந்திருக்கும். அட்டைதான் அபூர்வம்.

நான் இதை ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். 1989இல் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். இங்கே அட்டைப்படத்துக்கு வேறொரு மதிப்பும் உண்டு, அது சென்னையில் சேகரிக்கிறவர்களுக்கு இல்லை. அறுபதுகளின் நடுவில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ் படிப்பது கோயில் வகுப்பும் சங்க வகுப்புமாகச் சுருங்கிவிட்டது. என் அண்ணன் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவதும் தமிழில்தான், ஆனால் வாசிப்பது பர்மிய எழுத்து. அவர்கள் கையில் 1955ஆம் வருஷத்து இதழ் ஒன்றைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற எதுவும் பேசாது. அட்டை மட்டும் பேசும். அங்கே எழுத்தை வைத்துக்கொண்டு படத்தை எறிந்தார்கள், இங்கே எழுத்து கைவிட்டுப் போய்ப் படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரி, இவை இங்கே எப்படி வந்தன? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதில் தமிழர் கணிசம், துறைமுகத்திலும் ஆலையிலும் கூலி வேலை பார்த்தவர்களிலிருந்து முகல் தெருவில் கணக்குப் பார்த்த செட்டியார்கள்வரை. முப்பதுகளின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. காசும் இருந்தது, படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், சென்னையிலிருந்து ஸ்டீமரும் வந்துகொண்டிருந்தது. 1926இல் தொடங்கி 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்குப் போன ஆனந்த விகடன், 1932இல் வந்த கலைமகள், இதெல்லாம் கப்பலில் மூட்டையாக வந்து இறங்கும், வார இதழ் என்றாலும் கப்பல் வருகிற வாரம்தான் இங்கே வாரம். ரங்கூனே பத்திரிகை போட்ட காலமும் அதுதான். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா 1937இல் இங்கேதான் ‘ஜோதி’ நடத்தினார். ‘தனவணிகன்’ இதழைப் பார்த்துக்கொண்ட ஏ.கே. செட்டியார் பிற்பாடு காந்தியைப் பற்றிப் படம் எடுத்து, ‘குமரி மலர்’ நடத்தினார்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரமே அவன் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே போனார்கள், சர்மாவும் அப்படி நடந்து போனவர்களில் ஒருவர், அந்த நடையை எழுதியும் வைத்திருக்கிறார். அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர் விகடன் கட்டையா தூக்குவார்? அதனால் 1942க்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகை இந்த ஊரில் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்தவை மூன்று, அதில் ஒன்று பாதி.

போருக்குப் பிறகு வந்தவைதான் இங்கே தேறுகிற சரக்கு. அதற்கும் ஆயுள் குறைவு. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமை, 1964 மே மாதம் ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டு செல்லாது. அறுபதுகளில் வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் என்பார்கள். கப்பல் ஏறினவர்கள் நகையையே விட்டுவிட்டுப் போனார்கள், புத்தகத்தை யார் நினைத்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதிதான் சென்னையில் பர்மா பஜாரும் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கடையும் போட்டது, இன்னொரு பகுதி பர்மாவுக்கு நடந்தே திரும்பிவரப் பார்த்து முடியாமல் மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்டது. ஆக மொத்தம், ரங்கூனில் ஒரு தமிழ்ப் பத்திரிகை கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் 1946க்கும் 1964க்கும் இடையில் வந்ததாகத்தான் இருக்கும்.

இந்தப் பதினெட்டு வருஷம் வெறும் பதினெட்டு வருஷம் இல்லை, தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் பொற்காலமே இதற்குள்தான் வருகிறது. விகடனில் ஓவியர் மாலி போட்டுக் கொடுத்த வழியில் வந்தவர்கள் கோபுலுவும் சில்பியும். கோபாலனுக்குக் கோபுலு என்றும் சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் வைத்ததே மாலிதான். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலை முன்னால் உட்கார்ந்து வரைந்தார், அவர் வரைந்த அம்மனின் மூக்குத்தியைப் பார்த்து எந்த ஊர் அம்மன் என்று சொல்கிற பாட்டிமார் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கோபுலுவின் அட்டை அதற்கு நேர் எதிர், அட்டையிலேயே ஒரு ஜோக். ரயிலைத் தவறவிட்ட குடும்பம், கச்சேரியில் தூங்குகிற மாமா, தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும், கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதே இல்லை. 1941இல் தொடங்கிய கல்கியில் மணியம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தது அவர்தான், இன்றைக்கும் பல பேர் மனசில் இருப்பது அந்த முகங்களே. மணியம் இறந்தது 1968இல், வயது நாற்பத்து நாலுதான்.

அட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அச்சுத் தொழிலில் ஒரு காரணம் இருக்கிறது, அது தெரிந்தால் படத்தைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். உள்பக்கம் முழுக்க நியூஸ்பிரிண்ட், மை இழுத்துக்கொள்கிற காகிதம். நயமான நிழல் போட்டு வரைந்தால் அச்சில் சேறாகிவிடும். அதனால் உள்பக்கப் படங்களுக்கு ஓவியர்கள் இந்திய மையில் கோடாகவே வரைந்தார்கள், நிழல் வேண்டுமென்றால் கோடு மேல் கோடு குறுக்காக இழுத்தார்கள், அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக், அதாவது அச்சுத் தகடு, எடுத்து எழுத்தோடு சேர்த்து அடித்தார்கள். கோபுலுவின் கோடு அவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு அவர் கை பாதிக் காரணம், அந்த மட்டமான காகிதம் மீதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். அட்டையில்தான் ஓவியர் தூரிகையை எடுத்து வர்ணம் தீட்ட முடியும். அதைப் பெரிய கேமரா முன்னால் வைத்து, படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைக்கிற கண்ணாடித் திரை வழியாக, நிறத்துக்கு ஒரு தடவை படம் பிடித்து, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றாக மேலே மேலே அடிப்பார்கள். ஒரு நிறம் மயிரிழை தள்ளி விழுந்தால் குந்தவையின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட பிரதிகளைச் சிலர் கழித்துவிடுகிறார்கள். நான் கழிப்பதில்லை, அந்த வாரம் மெஷின் ஓட்டினவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன்.

பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் சொருகுவாரே, அதே போதும். பிளாக் அச்சில் ஒவ்வொரு புள்ளியின் ஓரமும் நடுவைவிடக் கறுத்திருக்கும், அழுத்தத்தில் மை ஓரத்துக்குப் பிதுங்கியதால். பிற்பாடு பரவிய ஆஃப்செட் அச்சில் புள்ளி ஒரே சீராக இருக்கும். கம்ப்யூட்டர் பிரின்ட் என்றால் அந்த வரிசைப் புள்ளியே தெரியாது, மண் தூவினாற்போல இருக்கும். ‘ஒரிஜினல் அட்டை’ என்று சொல்லி மறுபதிப்பையோ கலர் ஜெராக்ஸையோ நீட்டுகிறவரிடம் இந்தக் கண்ணாடியை எடுத்து வெளியே வைத்தாலே பேச்சு பாதி குறையும்.

தேதி கண்டுபிடிப்பது இன்னொரு விளையாட்டு. தனி அட்டையாகக் கிடைக்கும்போது உள்பக்கம் இருக்காது, மலர், இதழ் எண்ணும் ஓரத்தில் கிழிந்து போயிருக்கும். விலையைப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அப்போதுதான் இந்தியாவில் ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. ‘ந.பை.’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். 1964 ஜூனில் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள், வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தியது. மாறின புதிதில் இரண்டையும் சேர்த்துப் போட்ட இதழும் கைக்கு வரலாம், அதனால் ஒரே அடையாளத்தை நம்பிச் சத்தியம் செய்யவேண்டாம். பர்மாப் பிரதிக்கு இன்னொரு சாவி கூட உண்டு. இங்கே 1952இல்தான் ரூபாய் போய் சாட் வந்தது, நூறு பியா ஒரு சாட். கடைக்காரர் பென்சிலால் பியாவில் விலை எழுதியிருந்தால் அது அந்த வருஷத்துக்குப் பிறகு இங்கே விற்றது என்று அர்த்தம்.

இந்தப் பென்சில் எழுத்து, ஏஜென்ட்டின் ரப்பர் ஸ்டாம்பு, வாசகசாலை முத்திரை, ‘இந்தப் புத்தகம் இன்னாருடையது, எடுத்தவர் திருப்பித் தரவும்’ என்று மூலையில் இருக்கிற கையெழுத்து, இதெல்லாம் இருந்தால் சென்னைச் சந்தையில் மதிப்பு இறங்கும். சுத்தமான பிரதி கேட்பார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. வந்தியத்தேவனின் குதிரை வயிற்றில் ஊதா மையில் ‘ரங்கூன்’ என்று ஒரு வட்ட முத்திரை விழுந்திருக்கிற அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த முத்திரை இல்லாவிட்டால் அது சென்னையில் எங்கோ கிடக்கிற இன்னொரு பிரதி, அவ்வளவுதான். ஒருவர் அதற்குப் பதிலாகச் சுத்தமான இரண்டு பிரதி தருகிறேன் என்றார், மாட்டேன் என்றுவிட்டேன்.

இங்கே எங்கே தேடுவது என்றால், பன்சோடான் தெருவின் பழைய புத்தகக்காரர்களிடம் கேட்டுவைப்பதுதான் ஆரம்பம். அவர்கள் தேடுவது தமிழை இல்லை, போருக்குப் பிறகு வந்த ‘ஷுமாவா’, 1952இல் ராணுவம் தொடங்கிய ‘மியாவதி’ மாதிரியான பர்மிய மாத இதழ்களை. அவற்றின் அட்டையிலும் அருமையான வர்ணப்படங்கள் உண்டு, தலையில் பூ வைத்து, குடை பிடித்து நிற்கிற பெண்கள். பர்மிய சேகரிப்பாளர்கள் அதற்கு ஆளாய்ப் பறப்பார்கள். வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டுக் கட்டாக எடுக்கும்போது நடுவில் தமிழ் இருந்தால் அது எடைக்கு. எடை என்றால் இந்த ஊரில் கிலோ இல்லை, வீசை, ஒரு வீசை சுமார் 1.6 கிலோ. பர்மியர் பெய்த்தா என்பார்கள், ஆங்கிலத்தில் எழுதுவது நம் வீசையைத்தான். தமிழ்நாட்டில் வீசை எப்போதோ போய்விட்டது, இங்கே இன்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தமிழ் எடையில் நிறுத்து வாங்குகிறேன், தராசு பிடிக்கிற அம்மாவுக்கு அது தெரியாது. “அகோ (அண்ணே), உங்க எழுத்தும் எங்க எழுத்து மாதிரி உருண்டையாத்தான் இருக்கு, ஆனா படிக்க முடியலையே” என்று ஒருதரம் சொன்னாள். ஓலையில் கீறினவர்கள் இரண்டு பேரும், உருண்டையாகத்தானே இருக்கும்.

கடையைவிட வீடுகள் நல்லது. பெகு, தாட்டன், மோல்மேன் பக்கம் தமிழ்க் குடும்பங்களில் சாமி அலமாரிக்குக் கீழே, டிரங்குப் பெட்டியில், பழைய பஞ்சாங்கத்தோடு கிடக்கும். கேட்கிற முறை ஒன்று உண்டு. போன உடனே “பழைய புஸ்தகம் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். உட்கார்ந்து, டீ குடித்து, யார் மகன், எந்த ஊர்ப் பூர்வீகம் எல்லாம் முடிந்து, அப்புறம் “ஆச்சி, நீங்க சின்ன வயசுல என்ன பத்திரிகை படிச்சீங்க?” என்று ஆரம்பித்தால் அவர்களே எழுந்து போய்ப் பெட்டியைத் திறப்பார்கள். கொடுப்பார்களா என்பது வேறு விஷயம். கொடுக்காவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், அதுவும் சேகரிப்புதான்.

இனிப் பாதுகாப்பு. இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஒரு சில்பி அட்டையை, அதுவும் மீனாட்சி, ஒரு கடையில் கொடுத்து லேமினேட் பண்ணினேன். சூட்டில் ஒரு மூலை கறுத்துவிட்டது, பிளாஸ்டிக்குக்குள் குமிழி வேறு. திருப்பி உரிக்கவும் முடியாது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அடையாள அட்டை ஒட்டுகிறவரிடம் அம்மனைக் கொடுத்தது என் புத்தி.

ரங்கூனில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். காகிதத்துக்கு இதைவிடக் கெட்ட ஊர் தேடினாலும் கிடைக்காது. நியூஸ்பிரிண்ட் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது, அதில் இருக்கிற லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாகி, அமிலம் ஊறி, காகிதம் அப்பளமாகிவிடும். அட்டைத்தாள் கொஞ்சம் மேல், ஆனால் அமிலம் ஒட்டுவாரொட்டி, உள்பக்கத்தோடு சேர்ந்து கிடந்தால் அட்டையும் பழுக்கும். நடுவில் அடித்த இரும்புப் பின் துருப்பிடித்து இரண்டு ஓட்டை போட்டுவிடும். நான் முதலில் செய்வது பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுப்பதுதான், இழுக்கக்கூடாது, உள்பக்கம் வளைந்திருப்பதை நகத்தால் நிமிர்த்தி அப்புறம் வெளியே தள்ளவேண்டும். அந்தக் காலத்து யாரோ ஒட்டின செல்லோடேப் என்றால் தொடவேண்டாம், அது உலர்ந்து தானே விழும், விழுந்த இடத்தில் டீக்கறை மாதிரி ஒரு பட்டை நிற்கும், அதற்கு நம் கையில் வைத்தியம் இல்லை.

தீபாவளி மலர்கள் தனிப் பிரச்னை. அவற்றின் வர்ணப் பக்கங்கள் ஆர்ட் பேப்பர், காகிதத்தின்மேல் வெள்ளைக் களிமண் பூச்சு, அதனால்தான் அந்தப் பளபளப்பு. ஈரம் பட்டால் அந்தப் பூச்சு இளகி, பக்கமும் பக்கமும் பசை போட்டாற்போல ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு பிரித்தால் படம் பாதி இங்கே பாதி அங்கே. நனைந்த உடனே பக்கத்துக்குப் பக்கம் தாள் கொடுத்தால் பிழைக்கலாம். காய்ந்து கட்டியானது செங்கல்தான்.

உறை போடுவதென்றால் பாலிப்ரொப்பிலீன் வாங்கவேண்டும், பிசுபிசுப்பும் வாடையும் அடிக்கிற பி.வி.சி. உறை வேண்டாம், அது மையை இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைக்கிறோம், நேரடியாகக் காகிதத்தில் படாமல் துணியில் முடிந்து. மைனஸ் இருபது டிகிரியில் சில நாள் வைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும் என்பது சரியான முறை. ஆனால் இந்த ஊரில் கரண்ட் இருக்கிற லட்சணத்தில் குளிர்பெட்டியை நம்பினால் உள்ளே ஈரம்தான் மிஞ்சும், நான் விட்டுவிட்டேன்.

ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை வரைந்துகொண்டிருந்த ஓவியர், ஐம்பதுகளிலிருந்து கண்ணில் பட்ட அச்சுக் காகிதத்தையெல்லாம் சேர்த்தார், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பத்திரிகை எதுவும் விடவில்லை, பூச்சிக்கு மருந்தும் தானே செய்து அடித்தார். 1992இல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிறுத்தியது. அவருக்கு அது தோன்றியதற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். படம் போடுகிறவர், அதனால் அட்டையைக் கிழிக்கிற கை அவருக்கு வரவில்லை.

போன அக்டோபரில் மழை விட்ட மறுநாள் பெட்டியை வெயில் படாத திண்ணையில் திறந்து ஒவ்வொன்றாகக் காற்றாட வைத்தேன். அண்ணன் பேத்தி வந்து உட்கார்ந்து கோபுலு அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். பெட்டி படுக்கையோடு ஓடுகிற குடும்பம், கிளம்பிவிட்ட ரயில். கீழே என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் தாத்தா என்றாள். வாசித்தேன், பர்மியத்தில் விளக்கியும் சொன்னேன். “இது தேவையே இல்லையே, படத்திலேயே இருக்கே” என்றாள். பிறகு எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள். எழும்பூர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.